தாஸின் பச்சை

மத்தியானத்திலிருந்து ஒரு பச்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் பழைய பம்ப் மூடி ஒன்றின் கேட் (CAD) வரைபட ஃபைலைத் திறந்து, புதிதாக வரைந்த தாங்குகாலை அதோடு சேர்த்தேன். இரண்டும் சாம்பல் நிறம்தான். சேர்ந்ததும் அடிப்பக்கம் முழுக்கக் கிளிப்பச்சை. சாயங்காலத்துக்குள் ஒரே நிறத்தில் போகாவிட்டால் ஃபைல் திரும்பி வந்துவிடும்.

மொத்த உருவத்துக்கும் சாம்பல் அடித்தேன். அசையவில்லை. சேர்க்கும் வரிசையை மாற்றினேன். ம்ஹூம். கண் எரிந்தது. அப்புறம்தான் பழைய மூடியின் அடிப்பக்க ஓரத்தில் நகமளவு பச்சை இருந்ததைப் பார்த்தேன். கால் ஒட்டியதும் இரண்டு அடிப்பக்கமும் ஒன்றாகி, அந்த நிறம் பரவியிருக்கிறது.

அது தாஸின் பச்சை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறை மாடியில் அப்போது எங்கள் ஆபீஸ். கீழேயிருந்து ஏறிவரும் கூலன்ட் எண்ணெய் வாடை டீயில்கூட இருக்கும். ஒரே ஃபைலை நாலு பேர் நோண்டுவோம். அதனால் யார் திருத்திய பக்கமோ அவர் நிறம் பூசிவிடுவது வழக்கம். நான் மஞ்சள் எடுத்தேன். ஸ்கிரீனில் எடுபடவே இல்லை, என்னைப் போலவே. தாஸ் கிளிப்பச்சை. சேக்காட்டில் அவன் வீட்டுக் கதவும் அதே நிறம்தான்.

“என் பச்சையத் தொடாத நைனா. கேட்டுகினு தொடு” என்பான். கேட்காமல் அவன் பச்சையை யாரும் தொட்டதில்லை.

ஒரு தடவை இதேபோல நிறம் போகாமல் நான் திணறியபோது, டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான். “இன்னா மச்சான், மேலாக்க பெயின்ட் அட்ச்சிகினு கீற? ஃபேஸ்ல போட்டத ஃபேஸ்லயே போயி எடு.” ஒரு பக்கத்துக்குத் தனியாகப் பூசியது, மொத்தமாக எவ்வளவு பூசினாலும் போகாதாம். இத்தனை வருஷம் கழித்தும் அதை மறந்து அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது யாரோ அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். போன மழைக்காலத்தில் தாஸும் போய்விட்டான். நெஞ்சுவலி. இப்படிச் சொல்லாமல் போய்விட்டானே என்று, அவனை நினைத்தால் இன்னும் கோபம்தான் வருகிறது.

போனில் டீம் லீட் கேட்டார். “சார், அடியில பச்சையா தெரியுதே, எரரா?”

“ஆமா, எரர்தான். எடுத்துடறேன்.”

அந்த ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கேட்க ஆள் இல்லை. எடுத்துவிட்டேன்.