பதினெட்டாம் அறை இல்லாத பட்டியல்

டிராயிங் ஷீட்டின் ஓரத்தில் வெட்டி எடுத்த ஒரு துண்டுத் தாள். நான்கு விரல் அகலம் இருக்கும். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் விடுதி அறை எண். மேலும் கீழும் மெல்லிய கோடு இழுத்து, எண்கள் அந்தக் கோடுகளுக்குள் நேராக நிற்கும்படி எச் பென்சிலால் எழுதியிருந்தேன். எட்டைத் தவிர எல்லாம் ஒழுங்காக இருந்தன. என் எட்டுக்கு எப்போதும் தலை பெருத்துவிடும். மேல்வட்டம் சிறிதாக, கீழ்வட்டம் சற்றுப் பெரிதாக வர வேண்டும் என்று டிராயிங் மேடம் ஒவ்வொரு ஷீட்டிலும் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் தருவார். அவர் சுழித்ததைப் பக்கத்துப் பலகையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பவள் என் அறைத்தோழி.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் எங்கள் பெண்கள் பாலிடெக்னிக். விடுதியில் இருபத்து நான்கு அறைகள்; நாங்கள் இருவரும் பதினெட்டில். என் ஊர் அரக்கோணத்தையும் தாண்டி உள்ளே, தினமும் வந்துபோக முடியாத தூரம். அவளுக்குத் திருமழிசை, ஒரே பஸ். ஆனாலும் விடுதியில் இருந்தாள். காரணத்தை முதல் வாரமே சொல்லிவிட்டாள். "எங்க தெருமுனைல ஏழு நாய் கீது. லேப் முடிஞ்சு இருட்டுல இறங்கி நடக்கணும்னா எனக்கு உசிரு போயிடும். அதான் இங்க வந்துட்டேன்." ஏழு வயதில் அவளை நாய் கடித்திருந்தது. தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசி. இன்றைக்கு எத்தனையாவது என்று அவளையே எண்ணச் சொல்வார்களாம். பதினான்கு என்ற எண்ணை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ரோல் நம்பர் அழைக்கும்போதுகூட அந்த இடத்தில் தலை குனிந்திருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு செவலை நாய் காய்கறி வண்டியின் பின்னாலேயே வந்து மெஸ் வாசலில் படுத்துக்கொண்டது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். விடுதி விதிப் புத்தகத்தில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, ஸ்டவ் இவற்றுக்கு அடுத்த வரி: பிராணி வளர்க்கும் மாணவி உடனடியாக விடுதியிலிருந்து நீக்கப்படுவார். நான் அந்த வரியைப் பலமுறை படித்தேன். 'வளர்க்கும் மாணவி' என்று ஒருமையில் இருந்தது. அப்படியானால் ஒருத்தி வளர்த்தால்தானே குற்றம்? பெயர் வைக்கக் கூடாது, கழுத்தில் எதையும் கட்டக் கூடாது, ஒரே அறை தொடர்ந்து சோறு போடக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றினால் நாய் யாருடையதும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். அப்படி உருவானதுதான் அந்தப் பட்டியல்: நாளுக்கு ஓர் அறை. யாரும் இல்லாத நேரம் பார்த்து மெஸ் கதவின் பின்புறம், கரண்டி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். மெஸ் அக்கா மட்டும் பெயர் வைக்காத விதியை மதிக்கவில்லை. "வா நைனா, இன்னிக்கு ஆறாம் நம்பர் ஊட்டு விருந்து" என்று நாயை அழைப்பார்.

பதினெட்டை மட்டும் நான் எழுதவில்லை. அறைத்தோழியின் பயம் எனக்குத் தெரியும். எங்கள் அறைச் சோறு நாய்க்குப் பழகினால் அது எங்கள் வாசலைத் தேடி வரும். அதை அக்கறை என்றே நினைத்தேன். ஆனால் நாய்க்கு வாசல் கணக்கு தெரியவில்லை. ஒரு நாள் வராந்தாவில், சரியாக எங்கள் கதவுக்கு எதிரே படுத்துக்கொண்டது. அவள் இரண்டு மணி நேரம் அறைக்குள்ளேயே இருந்து அன்றைய தேர்வைத் தவறவிட்டாள். மறுநாள் வார்டனிடம் புகார்க் கடிதம் கொடுத்தாள். எழுதியதும் என்னிடம்தான் படித்துக் காட்டினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பட்டியல் என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மாலையே பட்டியல் வார்டன் கைக்குப் போய்விட்டது. அவர் வேதியியல் எடுப்பவர். அறைக்கு ஒன்றாக எங்கள் டிராயிங் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி, பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் அறையிலிருந்து போனது அவளுடைய ஷீட். எல்லோரும் ஒரே அளவில், ஒரே சாய்வில் எழுதப் பழக்கப்பட்டவர்கள்; அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடித்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இருபத்து மூணு ரூமையும் வெளியே அனுப்ப முடியாது. இந்த லிஸ்டைப் போட்டவதான் நாயை வளர்க்கிறா. அவ பெட்டியைக் கட்டட்டும்" என்றார். பிறகு அறைத்தோழியிடம் தாளை நீட்டினார். "உங்க ரூம் மட்டும்தான் இதுல இல்லை. புகார் கொடுத்தவ நீ. யார் எழுத்துன்னு உனக்குத் தெரியாம இருக்காது."

பயம் வந்தால் நான் எதையாவது எண்ணத் தொடங்குவேன். வார்டன் மேஜை மேல் மூன்று ரப்பர் ஸ்டாம்ப், இரண்டு மைக்கூடு, சாவிக்கொத்தில் ஒன்பது சாவி. அறைத்தோழியின் விரல் வரிசையாக இறங்கி வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நின்றது. நான் சாவிகளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். ஊருக்குப் போகும் ரயில், வாசலில் அப்பாவின் முகம், பாதியில் நின்ற டிப்ளமோ, எல்லாம் அந்த விரல்நுனியில் இருந்தன.

"டிராயிங் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே எழுத்துதான் மேடம்" என்றாள். "எங்க ரூமை எடுக்கச் சொன்னது நான்தான். எனக்கு நாய்னா பயம்."

"யார்கிட்ட சொன்ன?"

"மெஸ்ல பொதுவா சொன்னேன் மேடம். யார் காதுல உழுந்துச்சோ."

வார்டன் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். இனி நாய் மெஸ் பின்கட்டைத் தாண்டினால் நகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டியை வரவழைப்பேன் என்று சொல்லித் தாளை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

படிக்கட்டில் அவள் தாளை என் கையில் திணித்தாள். "இன்னா எட்டு போடுற நீ? புள்ளத்தாச்சி தலைகீழா நிக்கிற மாதிரி." நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். "நாய்க்கு எந்தெந்த நாள் யார் சோறு போடுவாங்கன்னு எழுதின. சாப்ட்டுட்டு ரூமுக்கு வர்றப்போ என்கூட யாரு நடப்பாங்கன்னு எழுதினியா? அதையும் எழுது."

அன்றே மூன்றாவது கட்டம் சேர்த்தேன். அந்த நாளைக்கு நாய்க்குச் சோறு போடும் அறையிலிருந்து ஒருத்தி, மெஸ் கதவிலிருந்து பதினெட்டு வரை, அவளுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும். படிப்பு முடியும்வரை அப்படித்தான் நடந்தது. அவளுக்குப் பயம் குறையவில்லை. நாயை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. படித்து முடித்தபின் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவதற்கு நான்தான் பதில் எழுதவில்லையோ என்று அவ்வப்போது தோன்றும்.

இப்போது வேறொரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி புத்தகப் பைக்குள் நாய்க்குட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். பட்டியல் போடுவதில் எனக்குள்ள பெயரால், வளாகத்துக்குள் பிராணிகளைக் கொண்டுவருவது பற்றிய விதியை எழுதும் வேலை எனக்கு வந்தது. மூன்று நாளாக வரைவு மேஜையில் கிடக்கிறது. யார் கொண்டுவரலாம், எங்கே கட்ட வேண்டும், யார் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஏழு விதிகள் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தாகிவிட்டது. ஏழும் நாயையும் நாய்க்காரரையும் பற்றியவை. பயப்படுகிறவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றும் இப்படித்தான் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன்.

பென்சிலைச் சீவினேன். அச்சடித்த தாளின் அடியில், கையால் எட்டு என்று எண்ணிட்டு எழுதினேன்: பயப்படுபவர் தன் பயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவருடன் நடக்க ஒருவர் இருக்க வேண்டும். படித்துப் பார்த்தேன். எட்டின் தலை இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. அழிக்கவில்லை.