பழைய டிஸ்கில் இருந்த தெரு

தமிழ்செல்வி எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். ஓசூர் சிப்காட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவளுக்கு அங்கே முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாதே. கணவர் தங்கதுரைக்குப் போச்சம்பள்ளியில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவார். வீட்டில் அவளும், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் கவிப்ரியாவும்தான்.

கவிப்ரியாவின் லேப்டாப் திறக்க ஏழு நிமிடம் ஆனது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் பல்லி மாதிரி சத்தம் போட ஆரம்பித்ததும், அதை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுவது என்று முடிவானது. தமிழ்செல்வி இரண்டு வாரம் விசாரித்தாள். எத்தனை வருடம் வாரண்டி, மொத்தம் எவ்வளவு தகவல் எழுதினால் டிஸ்க் தேயும், எந்தக் கம்பெனிக்காரன் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறான் என்று தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு ஆட்களைத் துளைத்தெடுத்தாள். கடைசியில் ஒரு கம்பெனியை முடிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நிலையம் பக்கம் இருந்த பிரதாப்பின் கடைக்குப் போனாள்.

"அக்கா, நீங்க கேட்ட அதே கம்பெனிதான். சீல் பிரிக்காத பீஸு."

"வாரண்டி கம்பெனியில நேராப் பதிவாகுமா தம்பி?"

"ஆகும்க்கா. எதுனா ஆச்சுன்னா எங்கிட்டயே வாங்க, மாத்தித் தர்றேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பெட்டியில் சீல் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தவள் முதலில் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தாள். கேபிள் சொருகும் இடத்தில் இருந்த தங்க நிறத் தகடுகளில் மெல்லிய கீறல்கள் ஓடின.

"இது புதுசு இல்ல" என்றாள்.

கவிப்ரியா அதைக் கேபிளில் மாட்டி, டிஸ்கின் ஆயுளைக் காட்டும் மென்பொருளைத் திறந்தாள். "ஒன்பதாயிரத்து நானூத்திச் சொச்சம் மணி நேரம் ஓடியிருக்கும்மா."

"ஒரு வருஷத்துக்கு மேல ராவும் பகலும் ஓடியிருக்கு. நிறுத்தவே இல்ல போல. கழட்டு, திருப்பிக் குடுத்துருவோம்."

"இரும்மா. பாதி இடம்தான் காலியா இருக்கு. மீதியில என்னமோ மறைஞ்சு கிடக்கு, அழிக்காம விட்டுட்டாங்க." அவள் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். திரையில் வரிசையாகத் தேதிகள் எழுந்தன. ஒவ்வொரு தேதிக்குள்ளும் வீடியோக்கள்.

அவள் ஒன்றைத் திறந்தாள். சத்தமில்லாத, கொஞ்சம் வெளுத்த படம். உயரத்திலிருந்து பார்க்கும் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், ஒரு வேப்பமரம், மரத்தடியில் சிண்டெக்ஸ் தொட்டி.

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அதே வேப்பமரம் அங்கே நின்றது.

தெரு முனையில் ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. போன வருடக் கோடையில் அதை மூடியபோது, கேமரா பதிவாகும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் இருந்த டிஸ்க்தான் புது ஸ்டிக்கரோடு அதே தெருவுக்குத் திரும்பியிருக்கிறது.

மூடிவிட வேண்டும் என்றுதான் தமிழ்செல்விக்குத் தோன்றியது. ஆனால் கை போகவில்லை. ஒரு பதிவில் விடியற்காலை. சானமாவு காட்டுப் பக்கமிருந்து வந்த ஒற்றை யானை கேமராவுக்குக் கீழே அசையாமல் நின்றது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அது தமிழ்செல்வி வீட்டு வாசலைத் தும்பிக்கையால் ஒருமுறை முகர்ந்துவிட்டு வந்த வழியே போனது. அப்படி ஒன்று வந்ததாகத் தெருவில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

"நாம உள்ள தூங்கிட்டிருந்திருக்கோம்" என்றாள் கவிப்ரியா. அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

தமிழ்செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "போன வருஷம் ஏப்ரல் பதினாறு இருக்கா பாரு."

அது சம்பங்கி காணாமல் போன நாள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. பக்கத்து அறையில் தனியாகக் குடியிருந்து ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. போன் அறையில் சார்ஜில் கிடந்தது. யாரோடோ அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகாவுக்குப் போய்விட்டாள் என்று தெரு பேசியது. முந்தின வாரம் பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்த ஒருவனோடு அவளைப் பார்த்த மாதிரி இருந்தது என்று போலீஸிடம் சொன்னது தமிழ்செல்விதான். பார்த்தது அவளைத்தானா என்று அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம். தேடியதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் எல்லைக்கு அந்தப் பக்கமும்தான். சம்பங்கியின் அம்மா மாரம்மா மட்டும் மாதம் ஒருமுறை போட்டோவோடு பஸ் ஏறி வந்து, வீடு வீடாகக் கேட்டுவிட்டுப் போவாள்.

அந்தத் தேதி இருந்தது.

இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். வெயில் தெருவைத் துடைத்து வைத்திருந்தது. சம்பங்கி தன் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். பழைய நைட்டி, தோளில் துண்டு. கையில் துணி நிறைந்த நீல வாளி. வாளியின் கைப்பிடியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்த வாரம் முழுக்கத் தெருவுக்குத் தண்ணீர் வராதது தமிழ்செல்விக்கு நினைவு வந்தது.

கேமராவுக்கு நேர் கீழே வந்ததும் சம்பங்கி நின்றாள். தலையை உயர்த்திப் பார்த்தாள். கண் சிமிட்டுவது கூடத் தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் அவள் அசையவில்லை.

"அம்மா, நம்மளயே பாக்குற மாதிரி இருக்கு."

சம்பங்கி வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம், கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிற மண் பாதையில் திரும்பி மறைந்தாள்.

கவிப்ரியா வேகமாக ஓட்டினாள். வெறும் தெரு. மூன்று மணி பத்துக்குத் தெரு நாய்கள் நான்கும் ஒவ்வொன்றாக வந்து, மண் பாதையைப் பார்த்து உட்கார்ந்தன. மூன்றே முக்காலுக்குக் கடைசி வீட்டு வெங்கடசாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பாதையிலிருந்து வந்தார். அவர் கையில் நீல வாளி காலியாக ஆடியது.

நாலு மணி பன்னிரண்டுக்கு, தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டபடி ஒருத்தி தெருவுக்குள் வந்தாள். தமிழ்செல்வி தன்னையே பார்த்தாள். அந்தத் தமிழ்செல்வி நாய்களைப் பார்த்தாள், செருப்பைத் தட்டினாள், பையில் சாவியைத் தேடினாள். மண் பாதைப் பக்கம் திரும்பவே இல்லை. "திரும்பு, திரும்பிப் பாரு" என்று அவள் வாய்விட்டுச் சொன்னதைக் கவிப்ரியா கேட்டாள்.

கைப்பிடியில் வெள்ளைத் துணி சுற்றிய நீல வாளி. போன வாரம் தண்ணீர் லாரி வந்தபோது வெங்கடசாமி வீட்டுக் குழாயடியிலிருந்து அவளே அதை இரவல் வாங்கி, நிறைத்து, அந்தத் தண்ணீரில் சமைத்திருந்தாள்.

அவள் எழுந்து நேராகக் கடைசி வீட்டுக்குப் போனாள். வெங்கடசாமி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். குழாயடியில் அந்த வாளி இருந்தது.

"ஐயா, இந்த வாளி ஏதுங்க?"

அவர் கை நின்றது. தழையைக் கீழே வைத்துவிட்டு, "பாறை மேல இருந்துச்சும்மா" என்றார். "ஒரு துணி தண்ணியில மெதந்துச்சு. ஆரோ மறந்துட்டுப் போய்ட்டாங்கன்னு எடுத்தாந்தேன்."

"மூணாம் நாள் போலீஸ் வந்து கேட்டாங்களே?"

"அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா வாளி எங்கையில இருக்குது. கெழவன் என்னமோ பண்ணிட்டான்னு சொல்லமாட்டாங்களா? அப்பறம் எல்லாருமே ஓடிப்போய்ட்டான்னு சொன்னீங்க. நானும் அதையே நம்பிக்கினேன்."

எல்லாருமே என்றபோது அவர் அவளைக் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனாலும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே தமிழ்செல்வி டிஸ்கைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்ததாகச் சொன்னது உறுதியில்லாத பேச்சு என்றும் எழுதிக் கொடுத்தாள். தீயணைப்புத் துறையினர் குவாரிக் குட்டையில் இறங்கினார்கள். பாசி பிடித்த சரிவுக்குக் கீழே, இருபதடி ஆழத்தில், பாறை இடுக்கில் சம்பங்கி இருந்தாள். கொலுசை வைத்து மாரம்மா அடையாளம் சொன்னாள். கால் வழுக்கி விழுந்ததாகத்தான் விசாரணையில் முடிந்தது. வெங்கடசாமியை இரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அவர் இப்போது ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப் போகிறார்.

பிரதாப்பைக் கேட்டபோது, மொத்தமாக வாங்கிய பழைய டிஸ்குகளில் அது வந்தது என்று ஒப்புக்கொண்டான். தமிழ்செல்வி வேறு ஒரு எஸ்எஸ்டியைக் கம்பெனி அங்கீகரித்த கடையில் வாங்கினாள். சீரியல் நம்பரைப் பதிவு செய்து, தகடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஓடிய நேரம் பூஜ்யம் என்று தெரிந்த பிறகும், டிஸ்கின் கடைசி மூலை வரை தகவலை எழுதிப் படித்துச் சோதிக்கச் சொன்னாள். அந்தச் சோதனை முடிகிறவரை கவிப்ரியா அறையில் தனியாக உட்கார மறுத்தாள். உள்ளே இருந்து யாராவது பார்ப்பார்களோ என்றிருந்தது அவளுக்கு. ஒன்றும் வரவில்லை. லேப்டாப் இப்போது சில நொடிகளில் திறக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து மாரம்மா கடைசியாக ஒருமுறை வந்தாள். தமிழ்செல்வி அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தபின் சொன்னாள்: "பஸ் ஸ்டாப்புல பாத்தேன்னு சொன்னது நான்தாம்மா. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

மாரம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும். போலீஸ்ல சொன்னாங்க." "ஓடுகாலியப் பெத்தவன்னு பதினாலு மாசம் கேட்டுக்கினு இருந்தேன். எம்புள்ள துணி தொவைக்கப் போயிருக்கா."

பிறகு அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். கவிப்ரியா எடுத்து வைத்திருந்த நகல் ஓடியது. சம்பங்கி வந்தாள், நின்றாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க மேல என்னாத்த பாக்குறா?"

யாருக்கும் தெரியவில்லை. மாரம்மா திரைக்கு முன் குனிந்து, மகள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். சம்பங்கி வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"திரும்பறதுக்குள்ள நிறுத்து கண்ணு."

கவிப்ரியா நிறுத்தினாள். மாரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஊத்தங்கரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தமிழ்செல்வியும் செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள்.