நட்சத்திரங்களைப் பிடுங்கிய கதை

எண்பதுகளில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் கூடிய கம்ப்யூட்டர் கிளப்பில் நான் பெரிய ஆள். அப்படி நினைத்தவன் நான் ஒருவன்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய புரோகிராமையும் யாரும் எடுத்துப்போய்த் திருத்தலாம். திருத்தியதைப் பிளாப்பியில் ஏற்றி கிளப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடிதம் அடிக்கும் புரோகிராம் ஒன்றை எடுத்து, திரையைச் சுற்றி நட்சத்திரக் குறிகளால் வேலி கட்டி, உச்சியில் என் பெயரைப் போட்டேன். என் திருத்தம் அவ்வளவுதான்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் கண் தெரியாத அண்ணன் ஒருவர் இருந்தார். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். போனில் வரும் தகவல்களை இனிக் கம்ப்யூட்டரில் அடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். டைப்பிங் அவருக்கு நன்றாக வரும். திரையில் என்ன விழுந்தது என்பதுதான் தெரியாது. திரையை வாசிக்கும் பேச்சுப்பெட்டி ஒன்றை மட்டும் கொடுத்திருந்தார்கள். புரோகிராம் என் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

என் கம்ப்யூட்டரை டாக்சியில் ஏற்றி, ஈசூனில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேச்சுப்பெட்டியை மாட்டினேன். "ஸ்டார், ஸ்டார், ஸ்டார்" என்று ஆரம்பித்தது. அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தும் என் வேலி முடியவில்லை.

"என்ன தம்பி இது?"

"அழகுக்கு வச்சேண்ணே."

"எனக்கா?"

அண்ணி சிரித்தார். "இவருக்கு அழகு காட்ட, கல்யாணமானதிலேருந்து நானும் பாக்குறேன், முடியல லா."

வேலியைப் பிடுங்கினேன். தினமும் காலையில் இதைக் கேட்க வேண்டுமா என்று அண்ணன் கேட்டதால் என் பெயரும் போனது. எழுத்துக்கு ஒரு 'பீப்' வைத்தேன். "கோழிக்கடை மாதிரி இருக்கு தம்பி" என்றார். அதுவும் போனது. கடைசியில் நிலைத்தது இதுதான்: ஒரு சொல்லை அடித்து முடித்ததும் பெட்டி அதைச் சொல்லும். ஒரு பொத்தானை அழுத்தினால் முழு வரியையும் வாசிக்கும். யோசனை அவருடையது, விரல்கள் என்னுடையவை.

அலுவலகத்தில் சோதித்த அன்று அவரே போன் செய்தார். "நாற்காலி என்னோடதுதான் தம்பி. லைன்ல ஆளு காத்திருக்கு, வச்சிர்றேன்."

வழக்கப்படி பிளாப்பியைக் கிளப் பெட்டியில் போட்டேன். கிளப்புக்கு வரும் கிளமெண்டிக்காரர் ஒருவர் அதை எடுத்துப்போய், பார்வை மங்கிய தன் அம்மாவுக்காக எழுத்துகளைப் பெரிதாக்கித் திரும்பப் போட்டார். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த புரோகிராம் அதுதான் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். அதில் என் பெயர் இல்லாததால் யாரும் நம்புவதில்லை.