ஏஜென்ட் தாமோதரனுக்கு மொட்டை

போன மாதம் என் வீட்டுக்காரர் மொட்டை அடித்துக்கொண்டார்.

திருத்தணியில் இது ஒரு சேதியா என்று கேட்பீர்கள். இங்கே மலையேறி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மொட்டைதான். ஆனால் அவர் தலையில் இருந்தது வெறும் முடி இல்லை. அதுதான் அவருக்கு அடையாள அட்டை!

விவரமாகச் சொல்கிறேன். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பாதித் தெலுங்கு, கட்டிக்கொண்டவரையும் அக்கா வீட்டுக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். வார நாளெல்லாம் பவர்லூம் ஓட்டுவார். முகூர்த்த நாள் வந்தால் அவர் ஏஜென்ட் தாமோதரன். ஆமாம், அதே உளவாளிப் படத் தாமோதரன்தான். ஆறு பாகம் வந்ததே! லீவு நாள் தவறாமல் டிவியில் இன்னும் ஓடுகிறதே! காதுகுத்து, ரிசப்ஷன் என்று எங்கே கூப்பிட்டாலும் பாவா வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் நிற்பார். நெற்றியில் ஒரு சுருள் முடி விழும். விரலை நீட்டி ஒரு திரும்பு திரும்புவார். விசில் பறக்கும்.

நான் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் மியூசிக் போடுவேன். பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. பக்கத்திலேயே மைக் இருக்கும். தொட்டதில்லை. எனக்குக் கூச்சம் அதிகம்... எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொண்டையில் யாரோ பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. எந்த ஊர் உளவாளி வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு திரிவான்? உளவாளி என்றால் யார் கண்ணிலும் படக் கூடாது இல்லையா? அப்படிப் பார்த்தால் நான்தான் அருமையான உளவாளி. கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும், "ஏன் நீ வரல?" என்று கேட்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். எட்டு வருஷமாக நின்றிருந்த படம் ஏழாம் பாகமாகத் திரும்ப வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஹீரோ யார்? பழையவருக்கு வயது அறுபதுக்கு மேல். கடைசிப் படத்தில் மதில் தாண்டியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். பாவாவைக் கேட்டால், "அது நடிப்பு" என்பார். மலைக்குப் போய், "முருகா, பழைய ஆளையே போடச் சொல்லு. மொட்ட போடறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலை ஏதோ ஒரு யூடியூப் சேனலில், 'பழையவரே நடிக்கிறார், உறுதியானது' என்று வந்தது. அவ்வளவுதான். டீயைக்கூடக் குடிக்கவில்லை, படியேறிப் போய்விட்டார். தலையில் சந்தனத்தோடு திரும்பி வந்து, "படம் வர ஒரு வருஷம் ஆவும். அதுக்குள்ள வளந்துடும்" என்றார்.

சாயந்திரம் டிவியில் படக் கம்பெனியே அறிவித்துவிட்டது. புது ஹீரோ. இருபத்தெட்டு வயதுப் பையன்.

பாவா தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "முருகன் என்னை ஏமாத்திட்டாரு."

"அவரு எங்க ஏமாத்துனாரு? யூடியூப்காரன்தான் ஏமாத்திட்டான். நீங்க கொஞ்சம் பொறுத்திருக்கலாம் பாவா."

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையில் காதுகுத்து! ஆட்டோ ஓட்டும் தனசேகரின் ஐந்து வயது மகள் யாழினிக்கு. 'ஏஜென்ட் தாமோதரன் நேரில் வருகிறார்' என்று பத்திரிகையிலேயே அடித்துவிட்டார்கள்.

"போன் போட்டு வரலன்னு சொல்லிடு" என்றார் பாவா.

போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் தனசேகர் ஆரம்பித்துவிட்டார். "அக்கா! பாப்பா மூணு நாளா ஏஜென்ட் வர்றாரு ஏஜென்ட் வர்றாருன்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரியுதுக்கா. வந்துடுவாரு இல்ல?"

"ஆங்... வந்துடுவாரு" என்றேன்.

என்ன செய்ய? கூச்சப்படுகிறவர்களுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வருவதே கிடையாது. பாவா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நாடகக்காரர்களிடம் ஒரு டோப்பா வாங்கி வந்தோம். தோள் வரை சுருள் சுருளாகத் தொங்கியது. அதை மாட்டிக் கோட்டும் போட்டால் ஏஜென்ட் மாதிரி இல்லை. மழைக்கு யாரிடமோ கோட் இரவல் வாங்கிய ராஜா மாதிரி இருந்தார்.

சரி, படக் கம்பெனி மாதிரி நாமும் புது ஹீரோ போடுவோம் என்று என் தம்பி பாபுவைக் கூப்பிட்டேன். கோட் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தான்.

"எப்படி கீது பாவா?"

பாவா ஒரு நிமிஷம் பார்த்தார். "கழட்டுடா."

"ஏன் பாவா, நல்லா இல்லியா?"

"நல்லா கீது. அதான் கழட்டுன்றேன்."

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் கோட்டை இன்னொருத்தன் உடம்பில் பார்ப்பது லேசான காரியமா? அந்தப் பழைய நடிகரும் எங்கேயோ ஒரு சோபாவில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

"நானே போறேன்" என்றார் பாவா. "மொட்டையோடயே போறேன். ஜனம் சிரிச்சா, கோட்ட அங்கயே எவனுக்காவது குடுத்துட்டு வந்துடுவேன். அதோட முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைய ஜனம். யாழினிக்குக் காலையில்தான் மலையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அப்போது ஆரம்பித்த அழுகையை அவள் இன்னும் நிறுத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று திமிறிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "நல்ல நேரம் முடியப் போவுது" என்று யாரோ கத்தினார்கள்.

நான் மியூசிக்கைப் போட்டேன். பாவா உள்ளே வந்தார். விரலை நீட்டினார். திரும்பினார்.

விசில் வரவில்லை.

"யாருப்பா இது, சமையல் மாஸ்டரா?" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது. யாழினி அழுகையை ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள். "இது ஏஜென்ட் இல்ல!" என்று முன்னைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

பாவாவின் கை மெதுவாகக் கோட்டின் முதல் பட்டனுக்குப் போனது.

அதை நான் பார்த்துவிட்டேன். அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

"அவரு... அவரு ஏஜென்ட்தான்" என்றேன். மைக் 'கீ' என்று கத்தியது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "மாறுவேஷத்துல வந்துகிறாரு."

"இன்னாக்கா மாறுவேஷம்?" என்றான் ஒருவன்.

"திருத்தணிக்கு வர்ற உளவாளி சுருள் முடியோட சுத்துனா எதிரி கண்டுபுடிச்சுட மாட்டானா? மலையில போய் பாருங்க, எத்தினி மொட்ட! அதுல ஏஜென்ட் எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பட்டனில் இருந்த கையை எடுத்து, விரலை உதட்டில் வைத்து, 'உஷ்' என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு யாழினி முன்னால் குனிந்தார்.

அவள் அவர் தலையைப் பார்த்தாள். தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னையும் அதுக்குத்தான் மொட்ட அடிச்சாங்களா?"

"ஆங்! பின்ன? நீயும் நம்ம ஆபீசுதான். வெளிய சொல்லாத."

அப்போது வந்தது விசில்!

யாழினி தானாகப் போய்த் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். பாவாவின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். முதல் காதுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது காதுக்கு மட்டும் கொஞ்சம் அழுதாள். ஏஜென்ட் என்றாலும் வலிக்குமில்லையா?

சாப்பிட்டுக் கிளம்பும்போது தனசேகர் ஓடி வந்தார். "அக்கா, அடுத்த மாசம் திருவாலங்காட்டுல எங்க அக்கா புள்ளைக்குக் காதுகுத்து. ஏஜென்ட் வரணும். ஆனா இதே மாதிரி மொட்டையோட வரணும்!"

"அதுக்குள்ள முடி வளந்துடுமேப்பா..." என்று பாவா இழுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மைக் பிடித்த தைரியம் இன்னும் இறங்கவில்லை. "அதனால இன்னா பாவா? மறுபடியும் அடிச்சிட்டா போச்சு" என்றேன்.

புது ஹீரோவைத் தேடிப் படக் கம்பெனி எங்கெங்கேயோ அலைந்ததாம்... என் புது ஹீரோவுக்கு வேண்டியிருந்தது ஒரு பிளேடுதான்!