புகை அடங்கிய கரி

ஏற்காட்டு மலையில் எங்கள் தலைச்சோலை ஊர் வீட்டில் எல்லாரும் நெருப்புக்குப் பயந்தவர்கள். கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுபோக ஒரு முறையே வைத்திருந்தோம். வாசலில் பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனிந்த பிறகே உள்ளே எடுப்போம். சட்டிக்கு அடியில் மணல், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த புத்திசாலிகள் நாங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கார்த்திகையில் காப்பிப் பழம் பறித்து, தோல் நீக்கி, கழுவிவிட்டோம். அதன்பிறகு வெயில் தலைகாட்டவே இல்லை. களத்தில் பரப்பினால் மூடுபனி கொட்டையை நனைத்துவிடும். அதனால் நடு அறையில் பரப்பி, கரிச்சட்டியை வைத்தோம். ஈரக்காற்று வரக்கூடாதென்று ஜன்னலில் சாக்கைத் திணித்தேன். ஓட்டு இடுக்கில்கூடப் பழந்துணி அடைத்தேன். கொட்டைக்கு என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். அதைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

கிளறியவள் என் மனைவி. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மூன்றாம் நாள் அறையிலிருந்து வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

"தலை நொம்பக் கனக்குதுங்க" என்றாள்.

எங்களோடு இருந்த என் அக்கா ஓடிவந்து அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "கண்ணு, நாளு தள்ளிப் போச்சா?"

"பத்து நாளாச்சுங்க."

அக்கா அழுதுவிட்டாள். சேர்வராயன் கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து என் மனைவி தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, விறகுக்குப் போகக்கூடாது.

"பனி ஒத்துக்காது சாமி. உள்ள கதகதன்னு உக்காந்து கொட்டயக் கிளறு, அது போதும்" என்றாள் அக்கா.

மறுநாள் மனைவி என்னிடம் சொன்னாள்: "வெளிய வந்து நின்னா நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ள போனாத்தான் ஒரு மாதிரி வருது."

"இப்பவே வேலைக்கு டிமிக்கியா?" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அடுத்த நாள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறிப்போய், புளிப்பாகத் தின்ன அவளுக்கு நெல்லிக்காய் வாங்கி வந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். அக்கா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். அறைக் கதவைத் திறந்தேன். கொட்டைக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. அவ்வளவு நிறமாக அவளை நான் பார்த்ததே இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக் களை என்று நினைத்துக்கொண்டேன். தூங்கட்டும் என்று, குளிர் உள்ளே போகாதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, களத்துப் பக்கம் போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்துச் சோறு போட்டுக்கொண்டு உள்ளே போன அக்காவின் அலறல்தான் என்னைக் கூப்பிட்டது.

ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரயோசனமில்லை. உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் மறுநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "புகை நின்னுட்டா ஆபத்து போச்சுன்னு நினைச்சிட்டீங்க. கரியிலிருந்து வர்ற விஷக்காற்றுக்கு வாசமும் இல்ல, நிறமும் இல்ல. கரிச்சட்டியை வீட்டுக்குள்ளேயே வெச்சிருக்கக் கூடாது."

"வயித்துல இருந்த கொழந்தைங்க?" என்று கேட்டாள் அக்கா.

"குழந்தை இல்லீங்கம்மா. நாள் தள்ளிப்போறது சும்மாவும் நடக்கும். அந்தத் தலைவலி, வாந்தி, கன்னத்துச் சிவப்பு எல்லாமே கரியால வந்ததுதான்."

நாங்கள் வீட்டில் கொண்டாடியது அதைத்தான்.

அப்புறம் எங்கள் வீட்டில் கரிச்சட்டி வாசற்படி தாண்டியதில்லை. தை மாதக் குளிரிலும் அக்கா கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்குவாள். "நாந்தான உள்ள உக்காரச் சொன்னேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சோறு கொண்டுபோவதற்கு முன்பே நான் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன், பார்த்துவிட்டுச் சாத்தினேன் என்று சொல்லியிருந்தால், அவள் பாரம் பாதியாவது குறைந்திருக்கும். நான் சொல்லவில்லை.