தலையணை உறைக்குள் அடித்த போன்

தொண்ணூறுகளில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் பிரிவு சூப்பர்வைசராக இருந்தேன். டயல் டோன் இல்லை, ராங் நம்பர் வருகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிவிடும். ஒரு ஏப்ரல் முதல் தேதி வந்த புகார் மட்டும் தனி ரகம்.

அபிராமபுரத்து அம்மாள் ஒருவர், பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசினார். "ஏம்மா, தூசி ஊதி முடிச்சாச்சா? காலம்பரலேர்ந்து போனைத் தலகாணி உறையில போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்."

"என்ன தூசிம்மா?"

"உங்காபீஸ் இன்ஜினியர்தான் பேசினார். லைன்ல தூசி அடைச்சிண்டிருக்காம், காத்தடிச்சு ஊதப்போறாளாம். மணி அடிச்சாலும் எடுக்கப்படாதுன்னார். உள்ள அடிச்சுண்டே இருக்கும்மா! அமெரிக்காவுல பொண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கா. மாப்பிள்ளைதான் கூப்பிடறாரோ என்னமோ."

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேஜையில் டெக்னீஷியன் குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். பாவி! நல்ல பையன்தான். கேட்டால் ரத்தம்கூடக் கொடுப்பான். ஏப்ரல் பிறந்தால் மட்டும் ஏதோ பிடித்து ஆட்டும்.

"அம்மா, தூசியுமில்ல, மண்ணுமில்ல. யாரோ விளையாடியிருக்காங்க. முதல்ல போனை வெளியில எடுங்க."

"அதெப்படி? அவர் கறாரா சொன்னாரே. மீறினா கனெக்ஷனைப் பிடுங்கிட்டான்னா? வருஷக்கணக்கா காத்துண்டிருந்து கிடைச்சதும்மா. அவரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கோ."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. புகார் பிரிவுக்கே போன் செய்துவிட்டு, புகார் பிரிவு சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறார்! அங்கே மாப்பிள்ளை எத்தனை தடவை டயல் செய்து அலுத்தாரோ. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு குமரேசனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், சும்மா தமாசு. நெஜமாவே கட்டி வெப்பாங்கன்னு யாரு கண்டா?"

"நீ கட்டினதை நீயே வந்து அவுத்து விடு."

தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினான். "அம்மா, தூசி எல்லாம் போயிடுச்சு. போனை எடுத்துக்கலாம்."

அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "ரொம்ப நன்றி சார். மனசு கேக்காம நடுவுல ஒரு தடவை முடிச்சைத் தளர்த்திட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கோ. லைனைக் கட் பண்ணிட மாட்டேளே?"

குமரேசனுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இல்லம்மா" என்பதற்குள் திணறிவிட்டான்.

மதியம் அந்த அம்மாள் சொந்த போனிலிருந்தே கூப்பிட்டார். பேரன் பிறந்திருக்கிறான், இருவரும் சௌக்கியம். "தூசி போனதுல மாப்பிள்ளை குரல் கணீர்னு கேட்டுது. இன்ஜினியர் சார்ட்டயும் சொல்லிடுங்கோ" என்றார். சந்தோஷப்படுவதா, எரிச்சல்படுவதா என்றே தெரியவில்லை.

இன்று கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாம் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டால், அவரை ஏமாளி என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். கனெக்ஷன் போய்விடுமோ என்று நடுங்குகிறவரிடம் எந்தத் தமாஷும் பலிக்கும். அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.