மரியாதையால் செத்த பொம்மை

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது, எங்கள் ஆராய்ச்சிக்கு வாய்த்த பெரிய எதிரி மரியாதைதான். சிரிக்காதீர்கள். சிரித்துச் சிரித்தே நான் எங்கள் பெரிய டாக்டரிடம் போதுமான திட்டு வாங்கியிருக்கிறேன்.

டாக்டருக்கு ஒரே பித்து. இதயத் துடிப்பு நின்றுபோனவரை நெஞ்சை அமுக்கி எழுப்ப ஒரு ஆள் போதாது, குழு வேண்டும் என்பார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றி அமுக்கினால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்கள் பழையபடி நடமாடுகிறார்களா என்று ஒரு வருடம் கூடவே இருந்து எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பணம் கேட்டு மெட்ராஸுக்கு அனுப்பிய விண்ணப்பம் போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

பழகுவதற்கு நாங்களே ஒரு பொம்மை செய்தோம். லாரிப் பட்டறையிலிருந்து பழைய சீட் ஸ்பிரிங், தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சு, யாரோ விட்டுப்போன லுங்கி. போதிய ஆழத்துக்கு அமுக்கினால் தலைமாட்டில் ஒரு லாரி இண்டிகேட்டர் பல்பு எரியும். எரியாவிட்டால் ஆள் காலி. வார்டில் எல்லோரும் அதை மாமா என்றே கூப்பிட்டோம்.

அமுக்குவது எல்லோருக்கும் கைவந்துவிட்டது. ஆள் மாறும்போதுதான் மாமா செத்தார். கம்பவுண்டர் களைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டு, சின்ன டாக்டரைப் பார்ப்பார்.

"நீங்க பாருங்க சார்."

"இருக்கட்டுங்க, நீங்களே பாருங்க."

"அட, உங்களுக்கு முன்னால நான் எப்படீங்க…"

பல்பு அணைந்தே கிடக்கும். பெரிய டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். "பந்திக்கா கூப்பிடறீங்க? ஆள் செத்துட்டாருய்யா!" நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வழி காட்டியவர் வார்டு ஆயா. வெண்ணந்தூர்க்காரர். கல்யாணமான நாள் முதல் ஓரகத்தியோடு ஒரே உரலில் அவல் இடித்தவர். உலக்கை அந்தரத்திலேயே கை மாறுமாம், சத்தம் விட்டுப் போகாதாம். "மாத்தறப்ப பேசக்கூடாதுங் சிஸ்டர். வறுத்த நெல்லு ஆறிப்போச்சுன்னா அவுலு நொறுங்கிப் போயிரும்" என்றார். அவரும் நானும் மாற்றி மாற்றி அமுக்கினோம். பல்பு ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஆனால் டாக்டர் அமுக்கினால் மட்டும் ஆயா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். "டாக்டருங்க கையை நான் எப்படீங்க தள்றது?" டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். ம்ஹூம்.

இந்த லட்சணத்தில் நாமக்கல் லாரி முதலாளி ஒருவர் எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு வருடச் செலவு அவருடையது. இல்லையென்றால் மாதக் கடைசியில் குழுவைக் கலைத்துவிட வேண்டும்.

வந்தவர் ஆறடி உயரம், மொடமொடவென்று வேட்டி. டாக்டரின் விளக்கத்தைப் பாதியிலேயே நிறுத்தி, "நானே அமுக்கறனுங்க" என்று மாமாவின் பக்கத்தில் மண்டிபோட்டார். பல்பு வெளுத்து வாங்கியது. இரண்டு நிமிட மணி அடித்தது. அவர் விடவில்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பல்பு நாலு தடவைக்கு ஒரு தடவை எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை.

"ஐயா, போதுங்களே…" என்று டாக்டரே இழுத்தார். கம்பவுண்டர் கும்பிட்டார். உதவி செய்ய வந்த பெரிய மனிதர்மேல் யார் கை வைப்பது? எனக்குத் தொண்டை வரை வந்த சிரிப்பு அணைந்த பல்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அடுத்து அமுக்க வேண்டிய முறை ஆயாவுடையது. அவர் கண்ணும் அந்தப் பல்பில்தான் இருந்தது.

"தள்ளு சாமி!"

ஆயா இடுப்பால் ஒரே இடி. முதலாளி சுவரோரம் போய் உட்கார்ந்தார். பல்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நான் அடக்கமாட்டாமல் கைதட்டிவிட்டேன். அப்புறம்தான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் எந் தம்பி லாரி செட்டுல நெஞ்சு வலின்னு உழுந்துட்டானுங்க. நான் அவனைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதனுங்க. எங்கூரு டாக்டர் ஓடியாந்தாரு, பக்கத்துல வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. எங்காளுங்க அத்தன பேரும் நின்னாங்க." வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொதலாளியத் தள்ள ஒருத்தனுக்கும் கை வரலீங்க."

ஆயா நிமிராமல் அமுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி மணி அடித்தது. முதலாளி மண்டிபோட்டபடியே நகர்ந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஆயாவின் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தார். பல்பு தவறவில்லை.

அமுக்கியபடியே டாக்டரைப் பார்த்துக் கேட்டார். "ஒரு வருசம் போதுமாங்க?"